கேளாமலே கொடுப்பது

திருகோணமலை என்றதும் துறைமுகமும் கோணேசர் ஆலயமுமே பலருக்கும் நினைவில் எழும். ஆயின் இம்மாவட்டத்தின் உட்புறத்தே, பதவி சிறிபுர முதலான வயற்பகுதிகளில், உழவர் குடும்பங்களைச் சிறுநீரக நோய் பல்லாண்டுகளாக வாட்டி வருகின்றது. அதன் மூலகாரணம் பற்றி ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வந்திலர்.

சிறுநீரகங்கள் செயலிழந்தால், நோயாளர் பெரும்பாலும் வாரத்தில் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தின் துணையால் குருதியைச் சுத்திகரித்தல் வேண்டும். உறவினர் ஒருவர் மனமுவந்து ஈயும் சிறுநீரகம் அவருக்கு மறுவாழ்வு தரலாம். ஆனால், "எனக்குக் கொடு" என்று உடன்பிறந்தாரிடம் கேட்க எவருக்குத்தான் நா எழும்?

கொடுப்போர்க்கு அச்சம் தோன்றுதலும் இயல்பே. 1954 டிசம்பர் 23இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், வைத்தியர் ஜோசப் மறே குழுவினர் முதன்முதலாக வெற்றி கண்ட மாற்றுச் சிகிச்சையில், ரொனால்ட் ஹெரிக் என்பார் தம் இரட்டைச் சகோதரருக்குச் சிறுநீரகம் ஈந்தார். பெற்றவர் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஈந்தவரோ 2010 வரை வாழ்ந்தார். எஞ்சிய சிறுநீரகம் சற்றே பெருத்து, பெரும்பகுதி வேலையைத் தானே ஏற்றுக்கொள்கின்றது. ஈவோரின் உடல்நலத்தைத் தீர ஆராய்ந்த பின்னரே வைத்தியர் இசைவர்.

கண்ணப்பரின் வரலாற்றைக் கேட்டு நாம் உருகுகின்றோம். இறைவன் அவரிடம் வாய்திறந்து கேட்டதில்லை. குருதி வழியக் கண்டார், கண்ணை ஈந்தார். நம் வீட்டு நோயாளரும் கேட்கமாட்டார். "எம்மைச் சோதித்துப் பாருங்கள்" என்று வைத்தியரிடம் நாமே முதலிற் சொல்லுவோம். வற்புறுத்திப் பெறுவது தானமன்று. இயலாதென்றவரைப் பழிப்பதும் அறமன்று.