மயிற்பொறியும் அமுதசுரபியும்

கதை படிப்போரிடையே இக்காலத்து ஒரு வழக்கு நிகழ்கின்றது. விஞ்ஞானக் கதை சிறந்ததா, மாயக்கதை சிறந்ததா என்பதே அவ்வழக்கு. விண்கலமும் இயந்திர மனிதனும் வருகின்ற கதைகளை விரும்புவோர், மந்திரமும் தெய்வமும் வருகின்றவற்றைப் பாட்டிமார் கதையென ஒதுக்குகின்றனர். மாயக்கதையில் மனம் வைத்தோரோ, மற்றவர் படிப்பது கதையன்று, பொறியியற் பாடம் என்று நகைக்கின்றனர். பாடசாலை நூலகத்துக்கும் ஊர் வாசிகசாலைக்கும் நூல் தெரிகின்ற வேளையில் இது வெறும் சொல்லாடலாக நின்றுவிடுவதில்லை. கையிலுள்ள சிறு பணத்தில் எதனை முதலில் வாங்குவது என்ற வினா எழுகின்றது. போரிலே நூல்களை இழந்து, ஒவ்வோர் அலுமாரியாக மீண்டும் நிரப்பவேண்டியிருந்த வன்னிநாட்டில் அவ்வினாவுக்குக் கனம் அதிகம். ஆதலின் தமிழாசிரியன் ஒருவன் தன் விருப்பத்தைக் காரணத்தோடு எடுத்துரைத்தல் தகும் என எண்ணுகின்றேன்.

இவ்விரு வகைக் கதையும் நேற்று மேல்நாட்டிலிருந்து வந்திறங்கியவை என்று கருதுவோர் உளர். பெயர்கள் புதியன, பொருள் பழையது. உலகில் இல்லாத ஒன்றைப் புலவன் தன் நெஞ்சாற் படைத்து உவமையாக்குவதை நம் அணியிலக்கணத்தார் இல்பொருளுவமை எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர். நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் தொல்காப்பியர் வேறுபிரித்து அறிந்திருந்தார். இல்லாததைச் சொல்லுதல் எல்லாம் பொய்யாகிவிடாது என்பது நமக்குத் தொன்றுதொட்டுத் தெரிந்த செய்தி. எங்ஙனம் சொல்வது, எதன்பொருட்டுச் சொல்வது என்பனவே ஆராய வேண்டியவை.

வானிற் பறத்தல் என்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நம் காப்பியங்களில் அது இருவகையாக நிகழ்கின்றது. சீவக சிந்தாமணியில், அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சத்தால் அரசிழக்கும் சச்சந்தன், கருவுற்ற தேவி விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி அனுப்புகின்றான். அது தெய்வம் தந்த ஊர்தியன்று. கம்மியன் செய்த கருவி. பொறியை வலப்புறம் திருகினால் எழுந்து முகிலைக் கிழித்துப் பறக்கும். இடப்புறம் திருகினால் இறங்கிக் கால்குவித்து நிற்கும். அதனைச் செலுத்த விசயை முன்னரே பயிற்சியும் பெற்றிருந்தாள். திருத்தக்கதேவர் இவற்றையெல்லாம் சொல்லாது விட்டிருந்தால் அது மாயமயில் ஆகியிருக்கும். சொன்னமையால் அது விஞ்ஞானக் கதையின் மயிலாயிற்று. உதயணனைச் சிறைப்பிடிப்பதற்காகப் பெருங்கதையில் வருகின்ற எந்திர யானையும் இவ்வினத்ததே.

மணிமேகலையும் வானிற் பறக்கின்றாள். அவளுக்குப் பொறியில்லை. மணிபல்லவத் தீவில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை உபதேசிக்கின்றது: வேற்றுருக் கொள்ளுதல், வானிற் செல்லுதல், பசியை ஒழித்தல். அவை எவ்வாறு தொழிற்படும் என்று சாத்தனார் விளக்கவில்லை, நாமும் கேட்பதில்லை. இது மாயக்கதை. ஆக, ஒரே ஆசைக்கு இரண்டு சிறகுகள் நம் இலக்கியத்திலேயே முளைத்துவிட்டன.

விஞ்ஞானக் கதையின் பெருமையை முதலிற் கூறுகின்றேன். அது கருவியைக் காட்டி வியப்பதோடு நின்றுவிடுமானால் விளம்பரத் தாளுக்கு மேலாகாது. கருவி மனிதனை எங்கே கொண்டுபோய் இறக்குகின்றது என்று பார்ப்பதே அதன் அறிவு. கட்டியங்காரனின் வெற்றிமுரசு கேட்ட விசயை மயங்கிச் சோர்கின்றாள். பொறி இடம் திரிகின்றது. மயில் சுடுகாட்டில் இறங்குகின்றது. சீவகன் பிறப்பது அங்கேதான். கருவி பழுதின்றி இயங்கிற்று. அதைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இயந்திரத்தின் வலிமைக்கு எல்லை அதனைச் செலுத்தும் நெஞ்சின் வலிமை என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

அண்மைக் காலத்தில் இத்துறையைத் தமிழில் வளர்த்தவர் சுஜாதா. பெங்களூரில் இலத்திரனியல் நிறுவனமொன்றிற் பணிபுரிந்து, இந்தியாவின் வாக்களிப்பு இயந்திரத்தை உருவாக்கியதிற் பங்குகொண்ட பொறியியலாளர் அவர். அவருடைய ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய் மனிதரினும் நன்கு சிந்திக்கின்றது, மக்களோ சர்வாதிகாரி ஒருவனின் ஆட்சியில் எண்ணும் உரிமையை இழந்து நிற்கின்றனர். இலங்கையை 1956 முதல் தம் வாழ்விடமாகக் கொண்டவர் ஆதர் சி. கிளார்க். பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே கட்டுரை வரைந்த அவர், நமது தீவைச் சற்றே இடம்பெயர்த்து, அதன் மலையுச்சியிலிருந்து விண்ணுக்கு உயர்த்தி அமைக்கும் கதையை 1979 இல் வெளியிட்டார். இருவரும் 2008 இல், ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் மறைந்தனர். அவர்கள் நூல்களை யான் மதிக்கின்றேன், மாணவர்க்கும் கொடுக்கின்றேன்.

எனினும் என் விருப்பம் மாயக்கதையின் பக்கமே. காரணங்கள் இரண்டு.

முதலாவது, காலம் பற்றியது. விஞ்ஞானக் கதை எதிர்காலத்திற் பேசுவது. எதிர்காலமோ ஒருநாள் வந்து சேர்ந்துவிடும். கிளார்க்கின் புகழ்பெற்ற கதையின் தலைப்பிலுள்ள 2001 ஆம் ஆண்டு வந்து போய்விட்டது. சுஜாதாவின் கதை நிகழும் ஆண்டையும் நாம் தாண்டிவிட்டோம். அவ்வகைக் கதையின் ஒரு பகுதி அன்றே பழைய பஞ்சாங்கமாகின்றது. மாயக்கதையோ வினைத்தொகை போன்றது. ‘ஊறுகாய்’ என்னும்போது நேற்று ஊறியதும், இன்று ஊறுவதும், நாளை ஊறப்போவதும் அச்சொல்லில் அடங்கும். எக்காலமும் வெளியே தோன்றாது. அமுதசுரபி எந்த ஆண்டிற்கும் உரியதன்று. அதனால் எந்த ஆண்டிலும் அது பழையதாகாது.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. இனி என்ன நிகழக்கூடும் என்று விஞ்ஞானக் கதை கேட்கின்றது. எது நிகழ்ந்திருக்க வேண்டும் என்று நல்ல மாயக்கதை கேட்கின்றது. வன்னியில் வாழ்ந்தோர் முதல் வினாவுக்குரிய விடையைக் கதையின்றியே கண்டுவிட்டனர். ஆளின்றித் தானே வானிற் சுற்றி, கீழே நடப்பதைப் படம்பிடிக்கும் ஊர்தி ஒருகாலத்தில் விஞ்ஞானக் கதையின் சரக்கு. எங்கள் மக்கள் அதற்கு ‘வண்டு’ என்று பெயரிட்டனர். அதன் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடக் குழந்தைகளும் கற்றிருந்தனர். பூவைத் தேடும் சிற்றுயிரின் பெயர் அவர்களுக்கு அச்சத்தின் பெயராயிற்று. மயிற்பொறி மெய்யாகவே வந்தது; இறங்கிய இடமும் காப்பியத்திற் சொன்ன இடமே.

அமுதசுரபி வந்ததா? 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், முள்ளிவாய்க்கால் வரை ஒதுங்கிச் சென்ற மக்களுக்கு இறுதியிற் கிடைத்தது அரிசிக் கஞ்சி. அதற்கும் வரிசையில் நின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து அந்நாளை நினைவுகூர்வது இன்று வழக்கமாகிவிட்டது. மணிமேகலையில் ஆதிரை பிச்சையிடும் பகுதியை இம்மண்ணிற் பயிற்றுகின்ற ஆசிரியனுக்கு உரை வேண்டியதில்லை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் என்றவுடன் மாணவர் நிமிர்ந்து உட்காருகின்றனர். அதனைக் கட்டுக்கதை என்று சொல்ல அவர்களுக்கு மனம் வருவதில்லை.

அப்பாத்திரத்தின் கதையைச் சற்று நுணுகிப் பாருங்கள். மாயமென்றால் எதுவும் நடக்கலாம் என்று எண்ணுவோர்க்கு அது நல்ல பாடம். அமுதசுரபிக்கும் விதிகள் உள. மணிமேகலை கையேந்தி நிற்க, முதற்பிச்சையைக் கற்புடையாள் ஒருத்தி இடவேண்டும். அதற்கு முன்னே ஆபுத்திரன் கையில் அது இருந்த காலத்தில், இந்திரன் சினங்கொண்டு நாடெங்கும் மழை பொழிவித்து வளம் பெருக்கினான். பசித்தவர் இல்லாதொழிந்தனர், பாத்திரம் பயனற்றதாயிற்று. உண்பார் இன்றி அப்பாத்திரத்தோடு தனித்திருக்க மாட்டாது, ஆபுத்திரன் அதனை மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் விட்டுத் தான் உண்ணாநோன்பால் உயிர் துறந்தான். கொடுப்பவனுக்கும் வாங்குபவன் வேண்டும் என்ற இவ்வுண்மையை எந்தக் கணக்குப் புத்தகம் சொல்லும்? மேலும், மணிமேகலை தனக்குக் கிடைத்த பறக்கும் மந்திரத்தைத் தப்பியோடுவதற்கென வைத்துக்கொள்ளவில்லை. சிறைப்பட்டாரை ஊட்டினாள். பின்னர் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்கினாள்.

மாயக்கதை வாழ்வினின்றும் தப்பியோடக் கற்பிக்கின்றது என்ற குற்றச்சாட்டுக்கும் இதுவே விடை. ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் 1939 இல் ஸ்கொத்லாந்தில் ஆற்றிய உரையொன்றில் இதற்கு மறுமொழி கூறினார். சிறைப்பட்டவன் விடுதலையை எண்ணுவதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதலாகாது என்பது அவர் கருத்து. செட்டிகுளத்து முகாம்களில், முட்கம்பிக்குள்ளே, கூடாரத்து வெப்பத்தில் மாதக்கணக்காக இருந்த பிள்ளைகள் அமுதசுரபியையோ பறக்கும் மந்திரத்தையோ எண்ணினால் அதனைக் கோழைமை என்று எவர் சொல்வார்?

மாயக்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது மற்றொரு தடை. இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பிழை கதையினுடையதன்று. கதையைச் சான்றுப்பத்திரமாகப் படிப்போருடையது. முனிவர் காலத்து விமான நூல் என்று போற்றப்பட்ட ‘வைமானிக சாஸ்திர’த்தைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆய்வாளர் ஆராய்ந்து, அதிற் கூறிய ஊர்திகள் பறக்க மாட்டா, நூலும் இருபதாம் நூற்றாண்டினதே என்று 1974 இல் எழுதினர். அதன் பின்னரும் 2015 இல் மும்பையில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டில் பண்டைய விமானங்கள் பற்றி ஒரு கட்டுரை அரங்கேறிற்று. நம் நாட்டிலும் இராவணன் விமானத்துக்குச் சான்று தருமாறு 2020 இல் அரசாங்கத்தின் விமானத்துறை சார்பில் விளம்பரம் வெளியாயிற்று. இவர்கள் புட்பகத்தைப் பெருமைப்படுத்துவதாக எண்ணி அதனைப் பழைய இரும்பாக்குகின்றனர்.

இதற்கு மாறாக, இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானில் அமைத்து, 2019 இல் விண்ணிற் செலுத்தப்பட்ட சிறு செய்மதிக்கு ‘இராவணா-1’ என்று பெயர். அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். பெயரைக் கதையிலிருந்து பெற்றனர். கணக்கைத் தாமே போட்டனர். இதுவே முறை. எங்கள் கமக்காரனைப் பாருங்கள். வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியில், கடல்நீரில் எரியும் விளக்கைக் கைகூப்பித் தொழுகின்றான். அவனே இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் விசாரித்துத்தான் விதைக்கும் ஏக்கரைத் தீர்மானிக்கின்றான். கடல்நீரை வயலுக்குப் பாய்ச்ச அவன் எண்ணியதில்லை. ஒரே நெஞ்சில் இரண்டும் தத்தம் இடத்தில் இருத்தல் கூடும்.

ஒன்றை மட்டும் மறவாது சொல்லவேண்டும். மாயக்கதை என்ற பெயரில் வருவன எல்லாம் என் அன்புக்கு உரியனவல்ல. இக்கட்டு வந்தபோதெல்லாம் ஒரு மந்திரவாளை நீட்டி, எந்த விலையும் கொடாது வென்றுவிடும் கதைகளைப் படிப்பதினும் நல்லதொரு விஞ்ஞானக் கதையைப் படிப்பது மேல். யானையை அடக்கிய அரியாத்தையின் கதை எங்கள் நாட்டில் ஒப்பாரியாகவே நிலைத்திருக்கின்றது. வெற்றிக்கு அவள் கொடுத்த விலை உயிர். அதனாலேயே அவள் இன்றும் நினைவில் நிற்கின்றாள்.

ஆகவே நூல் தெரிவோர்க்கு என் கருத்து இது. அலுமாரியில் இரண்டுக்கும் இடம் வேண்டும். பணம் ஒன்றுக்கே போதுமாயின் அமுதசுரபியின் இனத்தை முதலில் வாங்குங்கள். மயிற்பொறியின் இனம் அடுத்த ஆண்டில் வரட்டும். எதனை விரும்பவேண்டும் என்று பிள்ளை முதலில் அறியட்டும். அதனைச் செய்யும் வகையைப் பின்னர் கற்கட்டும். பறக்கும் பொறியைச் செய்யவல்லார் உலகில் இன்று பலர் உளர். பசித்தவர் இருக்கும் திசையை நோக்கி அதனைத் திருகுகின்ற கைகளே நமக்குக் குறைவு.