சித்தூரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு: மண்ணையும் பேரேட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் கப்பல் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. அதோடு சரி. அந்தப் பதிவேடுகளைப் புரட்டினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஊர்களில் சித்தூரும் ஒன்று. முதல் கப்பலான 'ட்ரூரோ', சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள்.

போன இடத்தில் எப்படி வாழ்ந்தார்கள்? ஒப்பந்தத்தின்படி முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. படியாக அரிசி, பருப்பு, கருவாடு, நெய் அல்லது எண்ணெய், உப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். 1871இல் ஊர் திரும்பியவர்கள் சென்னையில் இறங்கியதும் அடி, உதை, தராத கூலி என்று முறையிட்டார்கள். அதன் விளைவாக 1872இல் ஒரு விசாரணைக் கமிஷனே அமைந்தது. கமிஷன் கொடுமையைப் பதிவு செய்யும். அடுப்பில் என்ன வெந்தது, கையில் நாலு காசு மிஞ்சியபோது எதை வாங்க மனசு ஆசைப்பட்டது என்பதை அது கேட்காது.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட வழி காட்டியவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். வர்ஜீனியாவில் 18ஆம் நூற்றாண்டில் கடை வைத்திருந்த ஜான் ஹுக் என்பவரின் கணக்கேடுகளை ஆன் ஸ்மார்ட் மார்ட்டின் ஆராய்ந்தார். அதில் சக்கி என்ற அடிமைப் பெண்ணின் பற்று வரவு இருக்கிறது. பஞ்சைக் கொண்டுவந்து கொடுத்து, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ரிப்பனும் வாங்கியிருக்கிறாள். கண்ணாடி உடைந்தால் அதன் சில்லு மண்ணில் கிடக்கும். அதை வாங்கியது யார் என்று சில்லு சொல்லாது. ரிப்பனோ மக்கிப் போகும். ஏடு இல்லையென்றால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அதே சமயம் காட்டில் பறித்த கீரையும் வலை வைத்துப் பிடித்த முயலும் எந்தக் கடைக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றைக் குப்பைக்குழியில் கிடக்கும் எலும்பும் கரிந்த விதையும்தான் காட்டித்தர முடியும். ஏடு விட்டதை மண் சொல்லும், மண் தின்றதை ஏடு சொல்லும்.

மொரீஷியஸில் இந்த வேலை தொடங்கிவிட்டது. 1834 முதல் அங்கே போன லட்சக்கணக்கானோர் இறங்கிய ஆப்ரவாசி காட், 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. விலங்கு எலும்புகளை ஆராய்வதில் தேர்ந்த கிருஷ் சீதாவின் குழு, பழைய சர்க்கரைத் தோட்டங்களின் இடிபாடுகளை ஆராய்ந்திருக்கிறது. நேட்டாலில் அவகாசம் குறைவு. மவுன்ட் எட்ஜ்கூம் கரும்பு நிலத்தின் பெரும்பகுதி இன்று கோல்ஃப் மைதானமாகவும் வேலி போட்ட குடியிருப்புகளாகவும் ஆகிவிட்டது.

ஆனால் தோட்டத்தை மட்டும் தோண்டினால் பாதிக் கதைதான் கிடைக்கும். நேட்டால் குப்பையில் கிடைக்கும் சட்டிச் சில்லு, கருவாட்டு முள் ஆகியவற்றை எதோடு ஒப்பிடுவது? சித்தூர்ப் பகுதியின் சந்திரகிரியிலோ பலமனேரியிலோ அதே காலத்தில் ஒரு கூலிக் குடும்பம் எதில் சமைத்தது, என்ன தின்றது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பகுதியில் தொல்லியல் என்றாலே கோயிலும் கோட்டையும்தான். தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த குடிசை மேடுகளை யாரும் சீந்துவதில்லை. இது பெரிய குறை.

காகிதங்களும் சிதறிக் கிடக்கின்றன. 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகர் சித்தூர். அந்தக் காலத்து ஜில்லா ஆவணங்களைத் தேடினால் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். கப்பல் பதிவேடுகள் தென்னாப்பிரிக்காவில். கிராமங்கள் ஆந்திரத்தில், அதுவும் 2022 முதல் சித்தூர், திருப்பதி உள்ளிட்ட மாவட்டங்களில். திருத்தணியோ 1960இலேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆய்வாளர்கள் இல்லாமல் இந்த வேலை நகராது.

திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இதைத் தொடங்கலாம். முதலில் கப்பல் பதிவேடுகளைக் கிராமவாரியாகப் பிரிக்க வேண்டும். அடுத்து, அதிகம் பேர் போன நாலைந்து கிராமங்களின் பழைய குடியிருப்பு மேடுகளை அளந்து, சிறு குழிகள் போட்டுப் பார்க்க வேண்டும். கூடவே, உள்ளூர்க் கடைத்தெருவின் பழைய மளிகை, ஜவுளிக் குடும்பங்களிடம் பரண் மேல் கிடக்கும் பேரேடுகள் எடைக்குப் போவதற்குள் கேட்டு வாங்கிப் படம் பிடித்து வைக்க வேண்டும்.