பழைய தேக்கு மேஜையைத் தேய்க்க எந்த சாண்டர் வாங்கலாம்?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் பல வீடுகளில் இந்தப் பேச்சு வரும். ‘தாத்தா காலத்து தேக்கு மேஜை சும்மா கிடக்குதே, தேய்ச்சு பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடுமே!’ முன்பெல்லாம் ஆசாரி ஒரு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து தேய்ப்பார். இப்போது ஆன்லைனில் ‘சாண்டர்’ என்று தேடினால் ஐந்தாறு வகை மெஷின்கள் வந்து நிற்கின்றன. எல்லாமே தேய்க்கத்தானே என்று விலை குறைந்த ஒன்றை வாங்கினால், முதல் பலி அந்த மேஜையாகவே இருக்கலாம்.

எல்லா சாண்டரிலும் இருப்பது உப்புத்தாள்தான். அது எப்படி நகர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெல்ட் சாண்டரில் உப்புத்தாள் ஒரு பட்டையாக, இரண்டு உருளைகளின் மேல் ஒரே திசையில் ஓடும். மரத்தை வேகமாகத் தின்னும். மேடுபள்ளமான பலகையைச் சமன் செய்ய இதை விட்டால் ஆளில்லை. ஆனால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் சற்று நின்றாலும் பள்ளம் விழும். பழகாத கைக்கு இது வேண்டாம்.

வெனீர் ஒட்டிய மேஜையென்றால் பெல்ட் சாண்டர் பக்கமே போகக் கூடாது. மேலே தெரியும் தேக்கின் கனம் பல நேரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது போனால் அடியில் இருக்கும் பிளைவுட் பல்லிளிக்கும். மேஜையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை பக்கவாட்டிலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம். விளிம்பில் மெல்லிய கோடாக அடுக்கு தெரிந்தால் வெனீர்.

ஆர்பிட்டல் சாண்டர் சாது. சதுரமான அடிப்பாகம் சின்னச் சின்ன வட்டமாக அதிரும். பல மாடல்களில் கடையில் விற்கும் சாதாரண உப்புத்தாளையே நான்காக வெட்டி மாட்டிக்கொள்ளலாம் என்பதால் செலவு குறைவு. மூலை வரை போகும். ஒரே குறை, வட்டங்கள் ஒரே மாதிரி விழுவதால் பாலிஷ் போட்ட பிறகு சுருள் சுருளாகக் கீறல் தெரியலாம்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ரேண்டம் ஆர்பிட்டல். பெரும்பாலும் 5 அங்குல வட்டத் தட்டு. அதிர்ந்துகொண்டே தானும் சுழலும். ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடாததால் கீறல் கண்ணில் படாது. வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதையே வாங்கலாம். மூலைகளுக்கு இஸ்திரிப்பெட்டி வடிவில் ஒரு குட்டி சாண்டர் தனியாக உண்டு. இரண்டு மூலைக்காக அதை வாங்குவது வீண், கையாலேயே தேய்த்துவிடலாம். மெஷினை அழுத்தாதீர்கள், கையின் கனமே போதும். 80-ம் நம்பர் தாளில் ஆரம்பித்து 120, பிறகு 180 என்று போக வேண்டும். அவசரப்பட்டு நடுவில் ஒன்றைத் தாண்டினால், முந்தைய தாளின் கோடுகள் பாலிஷுக்கு அடியில் அப்படியே நிற்கும்.

இன்னொரு விஷயம். சில இடங்களில் ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டி மரத்தைத் தேய்க்கிறார்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை முழுதாகச் சுற்றும். ரேண்டம் ஆர்பிட்டல் பெட்டியிலும் 12,000 என்று போட்டிருக்கும், ஆனால் அது சில மில்லிமீட்டர் அதிர்வின் கணக்கு. நம்பர் ஒன்றாகத் தெரிந்தாலும் வேலை வேறு. கிரைண்டர் மரத்தில் குழி பறிக்கும், கருக்கியும் விடும்.

மேஜையோடு நிற்காமல் கதவு, ஜன்னலுக்கும் மெஷினைக் கொண்டுபோகும் முன் மேலே இருப்பது பெயின்ட்டா என்று பாருங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் அதிகமாக இருக்கலாம். மெஷின் அதைப் பொடியாக்கித் தரையிலும் படுக்கையிலும் தூவிவிடும். தவழும் குழந்தை கையை வாயில் வைத்தால் போதும், ஈயம் உள்ளே போய்விடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் உலோகம் அது. கர்ப்பிணி இருக்கும் வீட்டிலும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பழைய பெயின்ட் உறுதியாக இருந்தால் அதன் மேலேயே அடிக்கலாம். உரிந்த இடங்களை மட்டும் வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். துடைப்பம் போட்டால் தூசு மறுபடி கிளம்பும். மின்சார மெஷினோடு தண்ணீர் கூடவே கூடாது.

பெயின்ட் இல்லாத வெறும் மரத்தூசும் லேசானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள்களில் சேர்த்திருக்கிறது. மெஷினோடு வரும் பையில் நுண்தூசு முழுதாகச் சிக்காது. N95 மாஸ்க், கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்தவெளியில் வேலை பார்ப்பதுதான் நல்லது. ஆசாரியை அழைப்பதாக இருந்தால் கூலி பேசும்போதே எந்த மெஷின் கொண்டுவருவார் என்று கேட்டுவிடுங்கள். ‘கிரைண்டர் இருக்கு, பார்த்துக்கலாம்’ என்றால் வேறு ஆளைத் தேடலாம்.