சேர்ந்து கேட்க வேண்டிய இசை

வாடிக்கையாளர் சேவை எண்ணை ஒருமுறையேனும் அழைத்தவர்கள் அனைவரும் ஓர் இசையை அறிவார்கள். காத்திருக்கும்படி வேண்டும் குரலுக்கும் அடுத்து வரும் குரலுக்கும் இடையே ஒலிக்கும் அந்தக் குழலோ கிதாரோ யாருடைய வாசிப்பு என்று எவரும் கேட்பதில்லை. வங்கிகளும் இதற்கு விலக்கல்ல. வங்கிக்குள் இருந்துகொண்டே நானும் அந்த இசையில் பலமுறை காத்திருந்திருக்கிறேன். மின்தூக்கியிலும், பல் மருத்துவரின் முன்னறையிலும், விமானம் புறப்படுவதற்கு முந்தைய சில நிமிடங்களிலும் அதே நிலைதான். வாத்திய இசை என்பது காலி நேரத்தை நிரப்பும் பொருளாகிவிட்டது. சொற்கள் இல்லாததால் அது நம் கவனத்தைக் கோராது என்று எப்படியோ முடிவு செய்துவிட்டோம்.

என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. சொற்களைத் துணைக்கு அழைக்காத இசை, அதிலும் தாளமும் அமைப்பும் சிக்கலாகப் பின்னப்பட்ட இசை, மற்றெந்த இசையைவிடவும் மிகுந்த கவனத்தைக் கேட்கிறது. அந்தக் கவனம் தனியே எளிதில் வருவதில்லை. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து தாமும் கேட்டால் வருகிறது. இதைச் சொல்ல எனக்கு இசைப் பயிற்சியின் தகுதி ஏதும் இல்லை. நான் வணிகவியல் படித்தவன். ஒரு வாத்தியத்தையும் கையில் எடுத்தவனல்லன். எனக்கு ஒருவர் கேட்கக் கற்றுக்கொடுத்தார், அவ்வளவே.

2004-இல் மும்பையின் ஃபோர்ட் பகுதியிலுள்ள ஒரு கிளைக்கு மாற்றலாகிச் சென்றேன். அங்கிருந்த தலைமைக் காசாளர் கோவாவைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் டிரம்பெட் வாசித்தவர்; கோவா இசைஞர்கள் இல்லாமல் பம்பாயில் பாடல் பதிவே நடைபெறாத காலம் அது. மகன் வாத்தியத்தைத் தொடவில்லை. மாறாக, கேட்பதையே ஒரு கலையாக வைத்திருந்தார். மாலையில் ரொக்கம் சரிபார்த்துப் பெட்டகத்தைப் பூட்டியபின் இருவரும் சர்ச்கேட்டில் நின்று செல்லும் மெதுவான ரயிலில் ஏறுவோம். அவரிடம் கையடக்கமான குறுந்தகடு இயக்கி ஒன்று இருந்தது. காதில் செருகும் ஒலிவாங்கிகளில் ஒன்றை எனக்குத் தருவார், மற்றொன்று அவருக்கு.

முதலில் அவர் ஒலிக்கச் செய்தது ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன் ஆகியோர் 1975-இல் அமெரிக்காவில் மேடையில் வாசித்தது, 1976-இல் வெளியானது. அதன் முதல் உருப்படி ‘ஜாய்’ ஏறக்குறைய 18 நிமிடங்கள் நீடிக்கும். சர்ச்கேட்டில் தொடங்கினால் தாதர் நெருங்கும்போது முடியும்.

முதல் நாள் எனக்கு எதுவும் விளங்கவில்லை. கிதாரும் வயலினும் யாரோ துரத்துவதுபோல் ஒன்றாக ஓடின. எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்று தெரியாமல் திகைத்தேன். அவரிடம் நன்றாயிருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “நாளைக்குக் கடத்தை மட்டும் கேளுங்கள். மற்றவர்கள் இருக்கட்டும்” என்றார். மறுநாள் கடத்தை மட்டும் பின்தொடர்ந்தேன். ஒரு மண்பானையிலிருந்து அத்தனை விதமான ஓசைகள் எழக்கூடும் என்பதே எனக்குப் புதிது. மூன்றாம் நாள் தபலா. நான்காம் நாள் அவை இரண்டும் ஒன்றையொன்று எப்படிக் கேட்டுப் பதிலளிக்கின்றன என்பது. இரண்டு வாரங்களில் அந்த உருப்படிக்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒலிவாங்கிகளைப் பகிர்ந்துகொண்டதால், ஒலிப்பதிவின் இடப்பக்கம் எனக்கும் வலப்பக்கம் அவருக்குமாகப் பாதிப்பாதியே கிடைத்தது. பின்னர் அதே தட்டைக் காலாகோடாவிலிருந்த ரிதம் ஹவுஸ் கடையில் வாங்கி இரு காதுகளிலும் கேட்டபோது, பழகிய வீட்டில் பூட்டிக் கிடந்த அறை ஒன்று திறந்தாற்போல் இருந்தது.

சிக்கலான இசை என்றதும் பலர் ஒதுங்குவதற்குக் காரணம், அது படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்ற அச்சம். தாளம் போடும் பழக்கமுள்ள நாட்டில் இந்த அச்சம் பொருந்தாது. கண்ட சாபுவில் ஐந்தும் மிசர சாபுவில் ஏழும் எண்ணிப் பழகிய கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. வடக்கே ஜப்தாளின் பத்தும் ரூபக்கின் ஏழும் அதேபோல் பழக்கமானவை. மேற்கத்திய ஜனரஞ்சக இசையோ பெரும்பாலும் நான்கு நான்காகவே நடப்பது. எனவே 1959-இல் டேவ் புரூபெக் குழுவினர் ஐந்து அடிக்கணக்கில் ‘டேக் ஃபைவ்’ வாசித்தபோது அங்கு அது புதுமை. அதை இயற்றியவர் அக்குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். தகிட தக, தகிட தக என்று கையில் போட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்திலேயே அதற்குள் சென்றுவிடலாம்.

வங்கிக்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்த இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. பிங்க் ஃபிலாய்டு குழுவினர் 1973-இல் வெளியிட்ட ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ தட்டில் ‘மனி’ என்றொரு பாடல் இருக்கிறது. பணத்தைப் பற்றியது. நாணயங்கள் விழும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை, கல்லாப்பெட்டியின் ஓசை ஆகியவற்றை ஒலிநாடாவில் பதிந்து, ஒரே நீளத் துண்டுகளாக அளந்து வெட்டி, ஒட்டி, சுழலவிட்டார்கள். அந்த ஓசைகளே தாளம். எண்ணினால் ஏழு. சாக்ஸபோன் தனி வாசிப்பு முழுவதும் ஏழில் செல்லும்; கிதார் வரும்போது கணக்கு நான்குக்கு மாறும். அந்த மாற்றத்தில் உடல் தானாக இளகுவதை உணரலாம். பாடலின் பொருளை ஆராய்வதைவிட இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில் எனக்கு மகிழ்ச்சி அதிகம்.

நம் தாள வாத்தியக் கலைஞர்கள் தங்கள் வேலையைக் ‘கணக்கு’ என்றே சொல்கிறார்கள். ஒரு கோர்வையை மூன்றுமுறை வாசித்து, எடுத்த இடத்தில் இம்மியும் பிசகாமல் வந்து இறங்குவதைக் கேட்கும்போதெல்லாம், அன்றைய பற்றும் வரவும் பைசா மாறாமல் நேராகிய மாலையின் நிம்மதி எனக்கு நினைவுக்கு வரும். காசாளராக அமர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இசையெல்லாம் அயலானது என்று தோன்றினால், நம் வீட்டு வாசலிலேயே ஒரு நுழைவாயில் இருக்கிறது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் வெளிவந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் இரு மரபுகளுக்கிடையே போய்வருவதை, திரைப்பாடலைத் தவிர வேறெதுவும் கேட்டிராத என் போன்ற சிறுவர்களும் ஒலிநாடாவில் கேட்டோம். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டோம்.

நமக்கு இப்போது பொறுமை இல்லை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. நான் நம்பவில்லை. கொல்கத்தாவில் பணியாற்றிய இரண்டு குளிர்காலங்களில் டோவர் லேன் இசை மாநாட்டுக்குச் சென்றேன். 1952 முதல் நடந்துவருவது. ஜனவரிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இரவு முழுவதும் மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். தபலா சேர்வதற்கு முன்பு சிதார் தனியாக நெடுநேரம் ஆலாபனை செய்யும்போது எவரும் எழுந்து செல்வதில்லை. என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். காலையில் கடை திறக்க வேண்டும் என்றார், ஆனால் எழுந்திருக்கவில்லை. புணேயில் 1953 முதல் நடைபெறும் சவாய் கந்தர்வ விழாவிலும் இப்படிப்பட்ட கூட்டத்தைக் காணலாம். அதே மனிதர்களின் கைபேசிக்கு அதே சிதாரை அனுப்பினால் முதல் நிமிடத்தோடு நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான் வேறுபாடு என நினைக்கிறேன்.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘ஜாய்’ இணைப்பை அனுப்பினேன். கூடவே யார் யார் வாசிப்பது, எந்த ஆண்டு, எந்த நிமிடத்தில் என்ன நிகழ்கிறது என்று நீண்ட குறிப்பு ஒன்றையும் எழுதினேன். பதிலாக ஒன்பது கட்டைவிரல்கள் வந்தன. இரண்டு நிமிடங்களுக்குள் வந்துவிட்டதால் ஒருவரும் கேட்கவில்லை என்று தெரிந்தது. கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது, தவறு என்னுடையதே. தலைமைக் காசாளர் எனக்கு ஒருநாளும் குறிப்பு எழுதித் தரவில்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். பிறகு பேசாமல் கூடவே கேட்டார். நானோ 18 நிமிடங்களைப் பிறர் தலையில் சுமத்திவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ரசிகன் என்ற பெருமையை அறிவித்துக்கொள்வதைப் பகிர்தல் என்று நினைத்திருக்கிறேன். வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று என் மனைவி சொல்வார். அதை மறுக்க என்னால் இயலாது.

சேர்ந்து கேட்பதற்கான இடங்களும் குறைந்துவிட்டன. ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடப்பட்டது. தெரியாத ஒருவர் கையிலிருக்கும் தட்டைப் பார்த்துப் பேச்சுத் தொடங்கக்கூடிய கடை அது. இனி அத்தகைய கடைகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் நம் குடியிருப்புச் சங்கங்களுக்குக் கூடம் இருக்கிறது. ஓய்வுபெற்றோர் சங்கங்களுக்கு நேரம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு நல்ல ஒலிபெருக்கி இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரே ஓர் உருப்படி, அரைமணிக்கு மேற்படாமல், சொற்பொழிவு இல்லாமல், கைபேசிகளை வாசலில் வைத்துவிட்டுக் கேட்கலாம். தேர்ந்தெடுப்பவர் “இதைக் கவனியுங்கள்” என்று ஒரே வாக்கியம் சொல்லட்டும். முடிந்ததும் தேநீர். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். அந்த உரிமை இல்லாத சபையில் நான் முதல்நாள் சொன்ன பொய்யையே எல்லோரும் சொல்வார்கள்.

2024 பிப்ரவரியில் ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ தட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் வாசித்திருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார். அந்த வாரம் மட்காவிலிருந்து பல ஆண்டுகளுக்குப்பின் தலைமைக் காசாளர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்றுவிட்டார், கேட்கும் திறனும் குறைந்துவிட்டதாம். இரங்கல் வார்த்தைகள் இரண்டு பேசினோம். பிறகு, “இணைப்பைத் துண்டிக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டு ‘ஜாய்’ ஒலிக்கச் செய்தார். தொலைபேசி வழியே தபலாவின் ஆழம் ஏதும் வரவில்லை, கரகரப்புத்தான் மிகுதி. முடியும்வரை இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மகனுக்கு வயது பதினாறு. அவன் அறையிலிருந்து கசியும் உலோகச் சத்தத்தை நான் இரைச்சல் என்றே சொல்லி வந்திருக்கிறேன். அன்றிரவு அவன் தன் செவிக்கருவியைக் கொண்டுவந்து நீட்டினான். ‘டிரீம் தியேட்டர்’ என்ற அமெரிக்கக் குழு 1999-இல் வெளியிட்ட ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிடி’. ஆறு நிமிடங்களில் நூறு தடவைக்குமேல் தாளக்கணக்கு மாறுவதாக ரசிகர்கள் எண்ணி வைத்திருக்கிறார்களாம். பாட்டே கிடையாது. ஒரு நிமிடத்துக்குமேல் என்னால் தாங்க இயலவில்லை. கழற்றப் போனேன்.

“கொஞ்சம் இருங்கப்பா. நடுவுல பழைய காலத்துப் பியானோ ஒண்ணு வரும். அதுக்காக மட்டும் காத்திருங்க” என்றான்.

காத்திருந்தேன். அத்தனை இடிமுழக்கத்துக்கும் நடுவே, ஊமைப்படம் ஓடும் கொட்டகையில் வாசிப்பதுபோல் ஒரு பியானோ துள்ளிக்கொண்டு வந்து, உடனே மறைந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னேன். இம்முறை ஒலிபெருக்கியில், அவனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி.

இப்போது ஞாயிறுதோறும் ஆளுக்கொரு உருப்படி. சென்ற வாரம் அவன் முறை. வரும் ஞாயிறு என்னுடையது. ‘மனி’யைப் போட்டு எத்தனை எண்ணுகிறான் என்று பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.