ஓரத்து மண்

டிசம்பர் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. கால்வாயை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதை ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். முந்நூறு மீட்டருக்குள் நான்கு இடத்தில் தண்ணீர் கட்டி நின்றது. அது போய்ச் சேர வேண்டிய கால்வாயோ பக்கத்திலேயே, ஆள் உயரம் கீழே, பாதிகூட நிறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. புல்வெட்டும் இளைஞர் ஒருவர் இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டு மேம்பாலத்தடியில் ஒதுங்கி நின்றார். பேச்சுக் கொடுத்ததில் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம் என்று தெரிந்தது.

"தண்ணி ஏன் தம்பி வடியல?"

"ஓரத்துல மண்ணு ஏறிப்போச்சு சார். வரப்பு மாதிரி நிக்குது பாருங்க. வெட்டி விட்டா ஓடிரும்."

"வெட்டி விட வேண்டியதுதானே?"

"நம்ம ஆர்டர்ல புல்லு மட்டும்தான் சார். மண்ணு வேற கம்பெனி."

சொல்லிவிட்டு, பூட்ஸ் குதிகாலால் அந்த வரப்பின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். தேங்கிய தண்ணீர் கொஞ்சம் தயங்கி, பிறகு விரல் அகலத்துக்கு நூல் பிடித்தாற்போல் கால்வாய்ப் பக்கம் இறங்கியது. பத்து நிமிடத்தில் குட்டையில் பாதி காணோம்.

பாதை போட்ட அன்று அது சரியாகத்தான் இருந்திருக்கும். நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் தளம் போடுகிறோம். அந்தச் சாய்வு இன்றும் அங்கே இருக்கிறது, அடைபட்டது வாசல். ஒவ்வொரு முறை புல் வெட்டும்போதும் சீவிய துணுக்குகள் ஓரத்தில் விழுகின்றன. மழை கொண்டுவரும் வண்டலைப் புல்லின் வேர் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில ஆண்டுகளில் ஓரம் தளத்தைவிட இரண்டு விரற்கடை உயர்ந்துவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் நாம் பார்த்துச் சலித்த கதைதான். நடப்பவர் குட்டையைச் சுற்றிப் புல்லில் இறங்குகிறார், பின்னால் வரும் சைக்கிளும் அதே தடத்தில் இறங்குகிறது, புல் சேறாகிறது, பாதை அகலமாகிறது, தளத்தின் விளிம்பு பிடிமானம் இழந்து உடைகிறது. புகார் வருகிறது. ஒரு குழு வந்து பள்ளத்தில் தாரைக் கொட்டி அமுக்கிவிட்டுப் போகிறது. அடுத்த மழையில் குட்டை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது.

மண்வெட்டியால் அரை நாளில் தீர வேண்டிய வேலை தார் லாரி வரைக்கும் போவது ஏன்? சிங்கப்பூரின் இந்தப் பாதைகள் பிறந்த விதத்தில் அதற்குப் பாதி விடை இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் உருவானபோது, இடம் நெருக்கமான தீவில் அதற்கெனப் புதிய நிலம் தேடவில்லை. கால்வாய்க் கரைகளில் வடிகாலுக்கென ஒதுக்கிய நிலமும் சாலையோர ஒதுக்கு நிலமும் மேம்பாலத்தடியும் சும்மா கிடந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு மீட்டர் தடம், இரண்டு மீட்டர் மரவரிசை. ஆறு மீட்டர் பட்டை போதும். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு நில ஏற்பாட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இன்று 380 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 2030க்குள் 500 என்பது இலக்கு. 2019இல் திறந்த, ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனி தீவு வரை செல்லும் 36 கிலோமீட்டர் கரையிலிருந்து கரைப் பாதையில் பல பகுதிகள் இப்படிப் பிறந்தவைதான்.

ஆனால் சும்மா கிடந்த நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. கால்வாய்க் கரை என்பது தூர்வாரும் வண்டி போய்வர வேண்டிய இடம். பாதை வந்த பிறகும் அது அப்படித்தான். ஆக ஒரே ஆறு மீட்டரில் கால்வாய் ஒருவருக்கு, தடமும் மரமும் இன்னொருவருக்கு, குறுக்கே வரும் சாலை மூன்றாமவருக்கு, அண்டைக் குடியிருப்பின் படிக்கட்டு நகர மன்றத்துக்கு. தடத்துக்குள்ளேயே புல், மரம், தளம், விளக்கு என்று தனித்தனி ஒப்பந்தம். எல்லாருடைய அட்டவணையிலும் அவரவர் வேலை பச்சை வண்ணத்தில் முடிந்திருக்கும். தண்ணீர் மட்டும் யார் பட்டியலிலும் இருக்காது.

மண் தடங்களில் இந்தத் தவறுக்கு விலை இன்னும் அதிகம். 163 மீட்டர் உயரம்தான் என்றாலும் புக்கிட் தீமா நம் எல்லாருக்கும் பாடம் எடுத்த குன்று. 2014 செப்டம்பரில் அதை மூடினார்கள். நடுவில் வார இறுதிகளில் மட்டும் கொஞ்சம் திறந்தார்கள். முழுதாகத் திறக்க 2016 அக்டோபர் ஆகிவிட்டது. சரிவுகளை நிலைப்படுத்துவதும், தேய்ந்துபோன தடங்களைச் சீர்செய்வதும், சில இடங்களில் தரையைத் தொடாத மரப்பலகை நடைபாதை போட்டு மண்ணை ஓய்வெடுக்க விடுவதுமாக இரண்டு ஆண்டுகள். மக்கள் அதிகமாக வந்ததுதான் காரணம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கால் மண்ணை இறுக்குகிறது, தண்ணீர்தான் அதை எடுத்துக்கொண்டு போகிறது. ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், குன்றின் சரிவு நேராகக் கீழே ஓடும் திசையிலேயே தடம் இருந்தால் அது ஓடை. தடத்தின் ஏற்றம் குன்றுச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரியாக நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது, வெளிப்பக்கமாக மூன்று முதல் ஐந்து விழுக்காடு சாய்வு வேண்டும், அங்கங்கே தடம் கொஞ்சம் இறங்கி மீண்டும் ஏற வேண்டும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அந்த இறக்கத்தில்தான் தண்ணீர் தடத்தை விட்டு வெளியேறும். அது வண்டல் மூடிக் கிடக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தோம்?

பழைய ரயில் பாதை ஓடிய ரயில் காரிடார் இதற்கு நேர்மாறு. ரயில் செங்குத்தாக ஏறாது. எனவே அந்த 24 கிலோமீட்டரும் ஏறத்தாழச் சமதளம். 2011 ஜூலை 1இல் நிலம் சிங்கப்பூரிடம் திரும்பியது, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, மிஞ்சிய மண்மேட்டில் மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு அந்தச் சேறு நினைவிருக்கும். சமதளத்தில் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. நாம்தான் காட்ட வேண்டும். ரயில்வேக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. தண்டவாளத்துக்கு இருபுறமும் பக்கவாட்டு வடிகால் வெட்டி, அதைத் தூர் எடுக்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த வேலை பார்த்தவர்களில் நம்மவர்கள் பலர். குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலே ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் வைத்து வணங்கிய இடத்திலிருந்து வளர்ந்ததுதான்.

2020ஐயும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் நோய்ப் பரவல் முறியடிப்புக் கட்டுப்பாடுகள் வந்து, தங்கும் விடுதிகளில் ஊழியர்கள் முடங்கியபோது, புல்வெட்டும் வேலை பெரும்பாலும் நின்றுபோனது. பாதையோரப் புல் இடுப்பளவு வளர்ந்தது. பூ பூத்தது, வண்ணத்துப்பூச்சி வந்தது, படம் எடுத்துப் போட்டவர்கள் ஒரு பக்கம், கொசு வரும் பாம்பு வரும் என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். டெங்கி 35,000 பேரைத் தாண்டிய ஆண்டு என்பதால் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த விவாதம் முழுக்கப் புல்லின் உயரத்தைப் பற்றியே நடந்தது. இரண்டு மாதம் யாரும் கை வைக்காத வடிகால் வாய்களில் இலையும் சருகும் எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டவர்களை எண்ணிவிடலாம்.

அதனால் இந்த இதழின் கோரிக்கை பெரிதல்ல. ஒப்பந்தப் பட்டியலில் 'ஓரம் சீவுதல்' என்று ஒரு தனி வரி வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது. அதைப் புல்வெட்டும் குழுவிடமே கொடுக்க வேண்டும். மண்வெட்டி அவர்கள் லாரியில் ஏற்கெனவே இருக்கிறது. தொழில்வாரியாகப் பிரித்த ஒப்பந்தங்களை ஐந்து கிலோமீட்டருக்கு ஒருவர் பொறுப்பு என்று மாற்றலாமா என்பது அடுத்த கேள்வி. மாற்றினால் குத்தகைக்காரர் குறையை மறைப்பார், அதிகாரிக்கு அளக்கக் கருவி இல்லை என்கிறார்கள் மறுப்பவர்கள். அளவுகோல் எளிது. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் தளத்தில் தண்ணீர் நின்றால் அது குறைபாடு. வறண்ட பிற்பகலில், வெயில் தாழ்ந்த பிறகு, கையில் டேப்லட்டோடு போய்ப் பார்ப்பதைச் சோதனை என்று சொல்லிக்கொள்வதை நிறுத்தலாம். இடி மின்னலில் யாரும் போக வேண்டாம். மழை விட்டதும் போனால் போதும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. உங்கள் பொறுப்பில் உள்ள பாதையில், மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த படங்களை அனுப்புங்கள். குட்டையின் நடுவிலும் புல் ஓரத்திலும் அளவுகோலை நட்டு எடுத்தால் உயர வித்தியாசம் தெரியும். எந்தப் பாதை, யாருடைய பொறுப்பு என்பதை வெளியிட மாட்டோம். ஓரத்தை வெட்டி விட்ட பிறகு எடுத்த படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.