அடிக்கட்டை அரைக்கும் யந்திரமும் அடியிலுள்ள வேரும்

மரம் வெட்டுவது ஒரு பகல் வேலை. அதன் அடிக்கட்டையை எடுப்பது பல நாள் வேலை. இதை நிலமுடையார் அனைவரும் அநுபவத்தில் அறிவர். கழனியின் நடுவே விட்ட கட்டையில் கலப்பை முட்டும். ரோட்டவேட்டரின் கத்தி ஒடியும். கட்டையைச் சுற்றிலும் பயிரின்றிப் புல் மண்டும். கடப்பாரையும் குந்தாலியும் கோடாலியும் கொண்டு இரண்டு மூன்று ஆட்கள் பாடுபட்டு ஒரு கட்டையைப் பெயர்த்த காலம் போயிற்று. அவ்வேலைக்கு ஆள் கிடைப்பது இன்று அரிது. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. ஆகவே, டிராக்டரின் பின்னே பூட்டி, நின்ற இடத்திலேயே கட்டையைத் துருவித் தூளாக்கும் யந்திரத்தைப் பலரும் நாடுவது இயல்பே. இந்த யந்திரம் நன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் எந்த மரத்திற்கு, எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்னும் மூன்றையும் ஆராயாமல் இதை ஓட்டுபவர், செலவு செய்து மறுபடியும் அதே வேலைக்கு ஆளாவார் என்பதே எமது அபிப்பிராயம்.

யந்திரத்தின் அமைப்பு எளியது. டிராக்டரின் பின்புறத்துப் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்று சுழலும். அச்சக்தியைக் கொண்டு கனத்த உருளைச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதன் விளிம்பில் மிகக் கடினமான உலோகப் பற்கள் பதித்திருக்கும். ஓட்டுநர் சக்கரத்தைக் கட்டையின்மேல் இறக்கிப் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நகர்த்த, பற்கள் மரத்தைச் செதுக்கித் தள்ளும். தரைமட்டத்திற்குக் கீழே அரை அடி முதல் ஓர் அடி வரை அரைப்பதே இதன் வழக்கமான வேலை. பக்கவேர்களும் ஆணிவேரும் மண்ணிலேயே நின்றுவிடும். இதை மறந்தால்தான் தொல்லை.

திருவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். வேல மரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் இப்பெயர் வந்ததென்பர். வேதபுரீசுவரர் ஆலயத்தின் தலவிருட்சமும் வெள்வேல மரமே. இன்று கூவம் ஆற்றின் கரையிலும், கோலடி, அயனம்பாக்கம் முதலிய ஏரிகளின் பக்கங்களிலும், உழாமல் கிடக்கும் பட்டா நிலங்களிலும் மண்டுவது பழைய வேலமன்று. அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேல். போதாததற்கு, 2016 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள் சென்னையருகே கரையேறிய வர்தா புயல் இச்சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அத்தகைய புயலில் வேரோடு பெயர்ந்தவை விறகாகிவிடும். முறிந்து நின்றவையோ கட்டையாக நின்றுவிடும்.

முதலில் மரத்தை அறிதல் வேண்டும். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிறமான சிறு பந்து போன்றது. காய் மணிமணியாகக் கோத்தது போல் இடையிடையே இறுகியிருக்கும். வெள்வேலின் பூ வெளிறிய பந்து; பட்டையும் வெளிறியது. சீமைக்கருவேலின் பூவோ விரல் நீளக் கதிராகத் தொங்கும். காய் மஞ்சளாகச் சற்றே வளைந்திருக்கும். முள்ளைப் பார்த்து மூன்றையும் ஒன்றென எண்ணி, நமது நாட்டு மரத்தை அரைத்துவிடுதல் பெரும் பிழை.

சீமைக்கருவேல் அடியில் வெட்டுண்டால் சாவதில்லை. வேரும் தண்டும் கூடுமிடத்தில், மண்ணுக்குள் மறைந்துள்ள மொட்டுகள், ஒரு மழை பெய்ததும் ஒரு தண்டுக்குப் பதிலாகப் பத்துத் தண்டுகளை எழுப்பும். ஆகையால் கட்டையைத் தரையோடு தரையாகச் சமப்படுத்திவிட்டு, 'ஒழிந்தது' என்று திரும்புபவர் மரத்திற்குக் கவாத்துச் செய்தவரே ஆவார். இதற்கு ஓர் அடி ஆழம் வரை, கட்டையின் சுற்றளவுக்கு அப்பாலும் சேர்த்து அரைக்க வேண்டும். மழைக்குப்பின் ஒருமுறை சென்று பார்த்து, எஞ்சிய துளிரைக் கிள்ளாமல் வேரோடு எடுக்க வேண்டும். இதன் காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை பரவுவதால், அகற்றிய நிலத்தைச் சும்மா விடாமல் உடனே பயிரிடுதலும் அவசியம். 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. அகற்றிய இடத்தை மீட்டு வளப்படுத்துதலும் அதன் நோக்கமே.

தென்னையின் நிலை வேறு. அது வெட்டியபின் துளிர்ப்பதில்லை. கட்டையும் எளிதில் அரைபடும். ஆனால் மட்கும் தென்னங்கட்டையும் அதன் தூள் குவியலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடங்கள். ஆதலின் தூளைத் தோப்பிலேயே குவித்து வைக்கலாகாது. மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும், அல்லது மெட்டாரைசியம் என்னும் பூஞ்சணம் கலந்த எருக்குழியில் இட வேண்டும். தஞ்சாவூர் வாடல் நோயால் பட்ட மரமாயின் அரைக்கவே வேண்டா. 1952 ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்ட இந்நோய், அடித்தூரிலும் வேரிலும் வாழும் காளானால் வருவது. அக்கட்டையைத் தூளாக்கி இறைத்தல், நோயை நாமே விதைப்பதற்கொப்பாகும். அதை வேரோடு தோண்டி அவ்விடத்திலேயே எரித்துவிடுக.

எம்மரத்தின் தூளாயினும் பச்சையாக மண்ணில் கலந்து உழுதால், அது மட்கும்வரை மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அவ்வருஷத்துப் பயிர் வெளிறும். நோயற்ற மரத்தின் தூளை மா, எலுமிச்சை மரங்களைச் சுற்றி மூடாக்காக இடலாம். சாணத்துடன் சேர்த்து மட்கச் செய்து பிறகு வயலுக்கிடலாம்.

இனிக் கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. இதுவே யாம் முக்கியமாகச் சொல்ல விழைந்தது. ஏரிக்கரையில் நிற்கும் கட்டையை வயற்கட்டை போல் எண்ணலாகாது. மேலே அரைத்துவிட்டுக் குழியைத் தூளாலேயே மூடினால், தூள் மட்கி அவ்விடம் உள்வாங்கும். கரைக்குள் நின்ற பெருவேர்களும் காலப்போக்கில் மட்கிக் குழாய்கள் போலாகும். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது நீர் அவ்வழியே கசியும், கசிவு ஊற்றாகும், ஊற்று உடைப்பாகும். கரையின்கீழ் இன்று வயல் மட்டுமின்றி வீடுகளும் நெருங்கியுள்ள திருவேற்காடு போன்ற ஊர்களில் அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே கரையிலுள்ள கட்டையை நீர்வளத் துறையின் அநுமதியும் மேற்பார்வையும் இன்றித் தொடலாகாது. பங்குனி முதல் வைகாசி வரை ஏரி வற்றிய காலத்தில், பெருவேர்களைத் தொடர்ந்து எடுத்து, களிமண்ணைப் படைபடையாக இட்டு, நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். கரைக்கு அரணாக நிற்கும் பனையில் கைவைப்போர், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அநுமதி வேண்டுமென்று 2021 ஆம் ஆண்டில் அரசு அறிவித்ததை நினைவிற்கொள்க.

யந்திரத்தருகே ஜாக்கிரதை வேண்டும். 540 சுற்று என்பது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ வேட்டியின் தலைப்போ தண்டில் பட்டால், கையை இழுக்குமுன் ஆளை இழுத்துவிடும். தண்டின்மேல் உறையில்லாத யந்திரத்தை ஓட்ட இசைய வேண்டா. பற்களில் பட்ட கல் வெகுதூரம் தெறிக்கும். ஆகையால் கட்டையைச் சுற்றியுள்ள கல்லையும் கம்பியையும் முன்னதாக அகற்றி, சிறுவரையும் கால்நடையையும் அப்புறப்படுத்துக. நகரம் நெருங்கிவிட்ட இப்பகுதிகளில் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே புதைந்துள்ளன என்று விசாரித்தறிந்தே சக்கரத்தை இறக்க வேண்டும். கரைச்சரிவில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினால் கவிழும்.

'மண்வாரி யந்திரத்தால் கட்டையை வேரோடு பெயர்த்துவிடலாமே, இது எதற்கு?' என்று கேட்பாருண்டு. திறந்த வெளியில் அடர்ந்த சீமைக்கருவேலுக்கு அதுவே தக்கது என்று யாமும் ஒப்புகிறோம். கிணற்றுச் சுவர், வேலி, வாய்க்கால், வீடு இவற்றின் அருகே பெருங்குழி விழலாகாத இடத்தில்தான் அரைக்கும் யந்திரம் சிறக்கும். அத்தகைய கட்டைகள் ஒருவரிடம் நாலைந்தே இருக்கும். அதற்காகத் தனித்தனியே யந்திரம் வாங்குதல் வீண் செலவு. ஊரிலுள்ளோர் கூடிக் கோடையில் ஒரே தடவையாக வாடகைக்கு அமர்த்தி, கட்டைகளை முன்பே எண்ணிக் குறியிட்டு, வரிசையாக முடித்துக்கொள்வதே சிக்கனம். கூலியைக் கட்டைக் கணக்கில் மட்டும் பேசாமல் ஆழத்தையும் சேர்த்துப் பேசுக. ஓரடிக் கோலை நட்டுக் காட்டிய பிறகே பணத்தைக் கொடுக்க.

கண்ணுக்கு மறைந்தது அற்றுப்போனதாகாது. மண்ணுக்கு மேலுள்ளதை யந்திரம் தீர்த்துவைக்கும். கீழுள்ளதை உடையவரே கருதிப் பார்த்தல் வேண்டும். வருகிற கோடைக்கு முன் தத்தம் நிலத்திலுள்ள கட்டைகளை மரம் இன்னது, இடம் இன்னது, ஆழம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வாராயின், யந்திரம் வரும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும்.