யார் கையில் தராசு?

பாராகுவாட் பம்பை முதுகில் சுமந்து நம் தோட்டத்துப் பெண்கள் மருந்தடித்தது நமக்குத் தெரிந்த கதை. 2002-இல் மலேசிய அரசு அதைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. ஏன் இத்தனை இழுபறி?

ஒரு தரப்பு விலையைப் பார்த்தது, இன்னொரு தரப்பு உடம்பைப் பார்த்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க 'பல அளவுகோல் முடிவாய்வு' என்றொரு முறை உண்டு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. விலை, களை சாகும் வேகம், ஆற்றுநீர், அடிப்பவர் உடம்பு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், முக்கியமானதற்குக் கூடுதல் எடை, பிறகு கூட்டல். மாப்பிள்ளை பார்க்கிற கணக்குதான்!

வம்பு எடையில்தான். விலைக்கும் வேகத்துக்கும் எடை ஏறினால் பாராகுவாட் ஜெயிக்கும். உடம்புக்கு ஏறினால் தோற்கும். உள்ளே போனால் நுரையீரல் கெடும், முறிமருந்து கிடையாது. வெறுங் கூட்டலோ உயிர்ச்சேதத்தை மலிவால் ஈடுகட்டிவிடும். அதனால் உடம்புக்கு மட்டும் 'இதற்குக் கீழே போகாதே' என்று கோடு கிழிக்கணும்.

கிளைபோசேட், குளூபோசினேட் பற்றிப் பேசும்போதாவது மருந்தடிக்கிறவர்களை அந்த மேசைக்குக் கூப்பிட வேண்டும். இன்று பம்பு சுமப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களையும்தான் சொல்கிறோம்.